‘அப்பல்லாம் பெட்ரோல் சல்லிசு’: எவ்வளவு உண்மை?

2021 ஜூலை 2ஆம் தேதி சென்னையில் பெட்ரோல் விலை லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அதுவரை பங்கில் நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் ஒரு லிட்டராவது வரும் என்றிருந்தது, அன்றோடு அதுவும் போனது. நம் ஊரில் டூவீலர்காரர்கள் பெரும்பாலும் லிட்டர் கணக்கில் கேட்பதில்லை, "நூறுக்குப் போடுங்க", "இருநூறுக்குப் போடுங்க" என்றுதான் கேட்பார்கள். அதனால் விலை ஏறினாலும் கையை விட்டுப் போகிற நோட்டு அதேதான், டேங்கில் விழுவதுதான் குறைகிறது. திங்கட்கிழமை காலையில் போட்டது வியாழக்கிழமை வரை வந்துகொண்டிருந்த இடத்தில், புதன்கிழமை சாயங்காலமே வண்டி ரிசர்வுக்கு வந்துவிடுகிறது.

விலை ஏறும்போதெல்லாம் வீட்டில் பெரியவர் ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "பத்து ரூபாய்க்குப் போட்டா ஊரையே சுத்தி வரலாம்" என்பார் ஒருவர், "முப்பது ரூபாய்க்கு வித்தப்பவே நாங்க கத்தினோம்" என்பார் இன்னொருவர். இதை வெறும் பழங்கதை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் சொல்லும் விலைகள் பொய் இல்லை. 2002 ஏப்ரலில் டெல்லியில் ஒரு லிட்டர் 27 ரூபாய்க்குள்தான் இருந்தது. ஆனால் அந்த விலை எப்படி வந்தது, அப்போது பெட்ரோல் வாங்கியவர்கள் யார், இன்று வாங்குகிறவர்கள் யார் என்று பார்த்தால், நாம் கோபப்பட வேண்டிய இடம் வேறு என்று எனக்குப் படுகிறது.

முதலில் விலை. எழுபதுகளின் நடுவிலிருந்து 2002 மார்ச் 31 வரை, இந்தியாவில் பெட்ரோலின் விலையைச் சந்தை தீர்மானிக்கவில்லை, அரசு தீர்மானித்தது. 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் வந்து, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. அந்த நவம்பரில் விலையேற்றத்தை எதிர்த்து வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டுவண்டியில் போனார், அந்தப் படக்காட்சி இன்றும் விலை ஏறும்போதெல்லாம் சுற்றுக்கு வருகிறது. எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் அரசுடைமையாகி ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆனதும் அந்தப் பத்தாண்டில்தான். அதற்குப் பின் வந்த ஏற்பாடு சுருக்கமாக இது: பெட்ரோலை அடக்க விலைக்கு மேல் விற்பது, அதில் மிஞ்சுவதை எண்ணெய்த் தொகுப்புக் கணக்கு என்ற பொதுக் கணக்கில் சேர்ப்பது, அதிலிருந்து ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் கைகொடுப்பது.

அதாவது பெட்ரோல் வாங்குகிறவர் வசதியானவர், அவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கட்டும், அந்தக் காசில் அடுப்பெரிக்கும் வீட்டுக்குச் சீமெண்ணெய் மலிவாகக் கிடைக்கட்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் காலத்துக்கு அது நியாயமான கணக்கும்கூட. அம்பாசடர், பியட் வைத்திருந்தவர், புல்லட் வைத்திருந்தவர், ஊருக்கு ஒரு டாக்டர், ஒரு மில் ஓனர் என்று பெட்ரோல் பங்குக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்குச் சைக்கிள், பஸ், நடை.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த பிறகுதான் இது மெல்ல மாறியது. பள்ளிக்கூட வாத்தியார், பால்காரர், ஜவுளி மூட்டை கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகிறவர் எல்லாரும் பங்குக்கு வர ஆரம்பித்தார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். பங்கின் ஓரத்தில் அதற்கென்று தனியாக ஒரு கைப்பம்பு இருக்கும், பையன் கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடிக் குழாயில் ஆயில் ஏறும், அளவு பார்த்து டேங்கில் இறக்கிவிட்டு வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு ஆட்டு ஆட்டிக் கலக்குவார்கள். அரை லிட்டர் போட்டுக்கொண்டு நீலப் புகை விட்டபடி போனவர்கள்தான் இன்று "அப்பல்லாம் சல்லிசு" என்று சொல்லும் தலைமுறை.

யாழ்ப்பாணத்தில் அதே வயதுக்காரர்களிடம் கேட்டால் நினைவு முற்றிலும் வேறாக இருக்கும். தொண்ணூறுகளின் முதல் பாதியில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் அங்கே பெட்ரோல் விலை என்ற பேச்சுக்கே இடமில்லை, பொருளே இல்லை. கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். 2022இல் டாலர் கையிருப்பு தீர்ந்தபோது இலங்கை முழுக்க அதே நிலை திரும்பியது. வருடத் தொடக்கத்தில் இலங்கை ரூபாயில் 177ஆக இருந்த சாதாரண (92 ஆக்டேன்) பெட்ரோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய், அதுவும் நாள்கணக்கில் வரிசையில் நின்றால்தான். பெட்ரோல் விலை என்பது கச்சா எண்ணெயின் விலை மட்டுமில்லை, டாலர் வாங்கும் சக்தியும் சேர்ந்தது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி நமக்கு வேண்டாம். இந்தியாவில் 2014 மே மாதம் டாலர் 59 ரூபாயை ஒட்டி இருந்தது, 2025இல் 85ஐத் தாண்டிவிட்டது. கச்சா எண்ணெய் ஒரு டாலர்கூட ஏறாமல் இருந்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே நாம் கூடக் கொடுத்திருப்போம்.

சரி, அப்போது உண்மையிலேயே மலிவா? இதைக் கூலியோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நூறுநாள் வேலைத் திட்டம் 2006இல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஒருநாள் கூலி 80 ரூபாய். அப்போது சென்னையில் பெட்ரோல் 50 ரூபாயை ஒட்டி இருந்தது. ஒருநாள் கூலிக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 2025-26க்கு அறிவித்த கூலி 336 ரூபாய், 2025இல் பெட்ரோல் 101 ரூபாய். மூன்று லிட்டருக்கு மேல் வருகிறது. அறிவித்த கூலி முழுசாகக் கைக்கு வருகிறதா என்பது தனிக் கேள்வி. ஆனாலும் கணக்கு சொல்வது இதுதான்: ஒரு கூலிக்காரருக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் அன்றைக்குத்தான் எட்டாத பொருள்.

பிறகு ஏன் இப்போது இத்தனை வலி? அன்று அவருக்கு ஒரு லிட்டர்கூடத் தேவைப்படவில்லை. இன்று தினமும் தேவைப்படுகிறது. இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றுக்கும் மையம் என்று நினைக்கிறேன். வயல் வேலை குறைந்தது, வேலை ஊரை விட்டு நகர்ந்தது. கம்பெனி இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஷிப்ட் முடிவது ராத்திரி பத்து மணிக்கு, அந்த நேரத்துக்கு ஊருக்குப் பஸ் இல்லை. 2018 ஜனவரியில் அரசுப் பஸ் கட்டணம் ஒரே இரவில் கடுமையாக ஏறியபோது, மாதம் முழுக்கப் பஸ்ஸுக்குக் கொடுப்பதற்குப் பதிலாகத் தவணையில் வண்டி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் நிறைய. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பட்ஜெட்டை வாசித்தபோது நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் சொன்ன எண்ணிக்கை, மாநிலத்தில் 2.63 கோடி டூவீலர்கள். உழைக்கும் ஏழைகளின் முக்கிய வாகனம் இதுதான் என்று பட்ஜெட் உரையிலேயே ஒத்துக்கொண்டார்கள்.

ஒரு சாதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை, சம்பளம் 15,000. வீட்டிலிருந்து போக 25 கிலோமீட்டர், வர 25. வண்டி லிட்டருக்கு 50 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஒரு லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மாதம் 26 நாள் வேலைக்கு 2,600 ரூபாய். சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு, வேலைக்குப் போய் வருவதற்கே. அந்த 2,600இல் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரி. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத ஒருவர், பங்கில் நின்று மாதாமாதம் இதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வரி அவ்வளவா என்று கேட்கலாம். 2025ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். கச்சா எண்ணெய் பீப்பாய் 70 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீப்பாயில் 159 லிட்டர். வகுத்தால் லிட்டர் 37 ரூபாய்ச் சொச்சம் வரும். கப்பல் கூலி, மணலி மாதிரியான ஆலையில் சுத்திகரிக்கும் செலவு, கம்பெனியின் லாபம் எல்லாம் சேர்ந்து பங்க் முதலாளிக்கு வந்து சேரும்போது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல். அவருக்குக் கமிஷன் நாலு ரூபாய்ச் சொச்சம். மத்திய கலால் வரி, 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு 21 ரூபாய் 90 காசு. தமிழ்நாடு அரசின் வாட் வரி 13 சதவீதம், அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 21 ரூபாய். ஆக 101 ரூபாயில் ஏறக்குறைய 43 ரூபாய் வரி. வாட் வரியின் சதவீதப் பகுதி மத்திய வரியையும் சேர்த்த தொகைமேல் போடுவது, அதாவது வரிக்கும் வரி.

இந்த வரிச்சுமை எப்படி ஏறியது என்பதைத்தான் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மன்மோகன் சிங் அரசு நீக்கியது, 2014 அக்டோபரில் டீசலுக்கும் மோடி அரசு நீக்கியது, 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறும் என்றார்கள். சொன்ன காரணம், உலகச் சந்தையில் ஏறினால் இங்கே ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது. ஏறியபோது ஏறியது. 2014 நடுவில் கச்சா எண்ணெய் சரிய ஆரம்பித்த பிறகு, அந்த நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் மத்திய கலால் வரியை ஒன்பது தடவை உயர்த்தினார்கள், பெட்ரோலுக்கு மொத்தம் 11 ரூபாய் 77 காசு. 2020இல் கொரோனா ஊரடங்கில் உலகமே நின்றபோது கச்சா எண்ணெய் அதலபாதாளத்துக்குப் போனது, ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெயின் ஒப்பந்த விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. இங்கே மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் 10 ரூபாய் என்று பெட்ரோல்மேல் கலால் ஏறியது. தமிழ்நாடு அரசும் சும்மா இருக்கவில்லை, அதே மே மாதத் தொடக்கத்தில் வாட்டை மாற்றிப் பெட்ரோலில் 3 ரூபாய் 25 காசு ஏற்றியது. வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் இதெல்லாம் நடந்தது என்பதை மறக்க முடியவில்லை.

இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2014 மே: இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் 105 டாலருக்கு மேல், டெல்லியில் பெட்ரோல் 71 ரூபாய் 41 காசு. 2020 ஜூன் கடைசி: கச்சா எண்ணெய் 40 டாலர் அளவு, டெல்லியில் பெட்ரோல் 80 ரூபாய் 43 காசு. இடையில் மத்திய கலால் 9 ரூபாய் 48 காசிலிருந்து 32 ரூபாய் 98 காசு ஆகியிருந்தது. பெட்ரோலியப் பொருட்களிலிருந்து மத்திய அரசுக்கு வந்த கலால் வரி 2014-15இல் 99,000 கோடி, 2020-21இல் 3 லட்சத்து 73 ஆயிரம் கோடி.

இதற்கு அரசு சொன்ன பதில், பழைய எண்ணெய்ப் பத்திரங்கள். முந்தைய ஆட்சியில், 2005இலிருந்து 2010 வரை, விலையை அடக்கி வைத்ததால் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வந்த நஷ்டத்துக்குப் பணமாகக் கொடுக்காமல் கடன் பத்திரமாகக் கொடுத்தார்கள், அந்தக் கடன் 1.3 லட்சம் கோடி அளவு, அதை நாங்கள் அடைக்கிறோம் என்று 2021இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது. அன்றைய மலிவு விலையின் ஒரு பகுதி கடனில் வந்தது என்பதும், அதைப் பின்னால் வந்தவர்கள் கட்டவேண்டி வந்தது என்பதும் சரிதான், "அப்பல்லாம் சல்லிசு" என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் மொத்தக் கடனே 1.3 லட்சம் கோடி என்றால், ஒரே வருடத்தில் 3.73 லட்சம் கோடி வசூலித்ததற்கு அது விளக்கமாகாது.

மாநிலங்களின் மனக்குறை இன்னொன்று, அது பலருக்குத் தெரிவதில்லை. 2021இல் பெட்ரோல் மீது மத்திய அரசு வாங்கிய 32 ரூபாய் 90 காசில் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டுமே, மீதி 31 ரூபாய் 50 காசு செஸ் (குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் வரி), சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில். அடிப்படைக் கலாலைத்தான் மாநிலங்களோடு பங்கிட வேண்டும், மற்றதை வேண்டாம். அந்த 1.40இல் 41 சதவீதம், 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம் என்பதால் நமக்கு வந்தது லிட்டருக்கு 2 காசுச் சொச்சம். சென்னையில் ஒருவர் கட்டிய 32.90இல் 2 காசு! இதைத் தெரிந்துகொண்டால் பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர மாநிலங்கள் ஏன் தயங்குகின்றன என்பதும் புரியும். சொந்தமாக வரி போட அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது பெட்ரோல், மதுபானம் மாதிரி ஒருசிலதான். அதற்காக மாநிலத்துக்கு முழுசாக வக்காலத்து வாங்கவும் முடியாது. 2021 தேர்தலில் திமுக சொன்னது பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்பு. அந்த ஆகஸ்டில் குறைத்தது பெட்ரோலுக்கு 3 ரூபாய் மட்டும்.

தினமும் மாறும் விலை என்பதும் எழுத்தளவில்தான் நின்றது. 2021 நவம்பர் 4இலிருந்து 2022 மார்ச் 22 வரை 137 நாட்கள் விலை அசையவில்லை. நடுவில் உக்ரைன் போர் தொடங்கியது, கச்சா எண்ணெய் 120 டாலரைத் தாண்டியது, உத்தரப்பிரதேசம் உள்பட ஐந்து மாநிலத் தேர்தலும் நடந்தது. முடிவு வந்த பத்து, பன்னிரண்டு நாளில் ஆரம்பித்து 16 நாட்களில் 14 தடவை ஏற்றி, டெல்லியில் மொத்தம் 10 ரூபாய் கூட்டினார்கள். அந்த ஏப்ரலில் சென்னையில் 110 ரூபாய் 85 காசு. மே மாதம் மத்திய அரசு கலாலை 8 ரூபாய் குறைத்ததால் 102 ரூபாய் 60 காசுச் சொச்சத்துக்கு வந்து, அங்கேயே 2024 மார்ச் வரை நின்றது. இடைப்பட்ட காலத்தில் ரஷ்ய எண்ணெய் தள்ளுபடியில் வந்தது. 2023-24இல் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து சம்பாதித்த லாபம் ஏறக்குறைய 81,000 கோடி. 2022இல் அவர்கள் நஷ்டத்துக்கு விற்றதும் உண்மை, அதை ஈடுகட்டிக்கொள்ளட்டும். ஆனால் மக்களவைத் தேர்தலுக்கு முன் குறைத்தது 2 ரூபாய்.

விலைப் பலகையில் தெரியாத ஏற்றம் ஒன்றும் இருக்கிறது, எத்தனால் என்ற எரிசாராயம். 2025இலிருந்து நாடு முழுக்கப் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் எரிசக்தி குறைவு, அதனால் மைலேஜ் குறையும். பழைய டூவீலர்களில் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே சொல்கிறது, அதை ஈடுகட்ட வரிச்சலுகை தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கலப்பு வந்துவிட்டது, சலுகை வரவில்லை. மாதம் 2,600 ரூபாய்க்குப் போடுகிறவருக்கு இது 80, 100 ரூபாய்.

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வரியில்தான் ரோடு, பள்ளிக்கூடம், 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் எல்லாம் ஓடுகின்றன. பஸ் பயணம் இலவசமானபோது எத்தனை பெண்களுக்கு மாதச் செலவு மிச்சமானது என்பதை நம் வீடுகளிலேயே பார்த்தோம். பெட்ரோல் வரியின் ஒரு பங்கை அப்படியே பஸ்ஸுக்குத் திருப்பி, ராத்திரி ஷிப்ட் முடியும் நேரத்துக்குத் தொழிற்பேட்டைகளிலிருந்து கிராமங்களுக்கு வண்டி விட்டால், அந்த 15,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு அதைவிடப் பெரிய விலைக் குறைப்பு கிடையாது. எனக்கு உறுத்துவது, பெட்ரோல் வாங்குகிறவர் என்றால் கார் வைத்திருப்பவர் என்ற எழுபதுகளின் எண்ணத்தை வைத்துக்கொண்டே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் காய்கறி மூட்டை ஏற்றிப் போகிறவரிடமும் லிட்டருக்கு அதே வரியை வாங்குவதுதான். அன்றாவது அந்தக் காசு சீமெண்ணெயாக ஏழை வீட்டுக்குப் போனது. இன்று ஏழையிடமிருந்தே வருகிறது.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. துணிக்கடையில் ஒரு சட்டை வாங்கினால் பில்லில் சிஜிஎஸ்டி இவ்வளவு, எஸ்ஜிஎஸ்டி இவ்வளவு என்று காசு வரை பிரித்துக் காட்டுகிறார்கள். பங்கில் தரும் சீட்டில் லிட்டர், விலை, தொகை, அவ்வளவுதான். எண்ணெய்க் கம்பெனி தன் இணையதளத்தில் விலைப் பிரிப்பைப் போடுகிறது, ஆனால் அது டெல்லி விலைக்கு மட்டும். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் அதே மாதிரி ஒவ்வொரு சீட்டிலும் அச்சடிக்கட்டும்: எண்ணெயின் அடக்க விலை, கமிஷன், மத்திய வரி, அதில் செஸ் எவ்வளவு, மாநில வரி. அடுத்த முறை விலை 2 ரூபாய் குறைந்தது என்று செய்தி வரும்போது, யார் பங்கிலிருந்து குறைந்தது என்று வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.